தேயிலை என்று சொன்ன மரம்

குமாரசாமி காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சொந்த வீட்டு கேட்டைச் சாத்த மறந்தாலும் மறப்பார். பக்கத்து வீட்டு கேட்டருகே நின்று அண்ணாந்து ஒரு பார்வை பார்க்க மறக்கவே மாட்டார். அவர் பார்த்தது அம்சவேணியை அல்ல, அம்சவேணி வளர்த்த கமீலியா மரத்தை. அம்சவேணியைப் பார்த்திருந்தால் அவர் மனைவி லீலாவதி ஒரே சண்டையில் விவகாரத்தை முடித்திருப்பாள். மரத்தோடு எப்படிச் சண்டை போடுவது? சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

நீலகிரியில் அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அது ஓர் இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். மேட்டுப்பக்கம் குமாரசாமி குடும்பம், பள்ளத்துப்பக்கம் கந்தப்பன்-அம்சவேணி குடும்பம். இரண்டு ஆண்களுக்கும் ஒரே ஃபேக்டரி, ஏறக்குறைய ஒரே சம்பளம். இரண்டு வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே தகரக் கூரை, முன்னால் ஒரே அளவு மண். அந்த மண்ணில் லீலாவதியும் என்னென்னவோ வைத்துப் பார்த்தாள். டேலியா வைத்தாள், நத்தை தின்றது. ரோஜா வைத்தாள், பனி தின்றது. பள்ளத்து வீட்டு வாசலில் மட்டும் ஒரு கூரை உயரத்துக்கு அந்த மரம் நின்று, கார்த்திகை பிறந்தால் மாசி முடியும்வரை பூத்துத் தள்ளியது. வெள்ளை இதழில் குங்குமத்தை விரலால் இழுத்து விட்டதுபோல் சிவப்புக் கோடு. ஒரு பூவில் இருக்கும் கோடு அடுத்த பூவில் இருக்காது. குன்னூரிலிருந்தும் வெலிங்டனிலிருந்தும் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தார்கள். இறங்கியவர்கள் மேட்டு வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்சவேணி அந்த மரத்தைக் காசு கொடுத்து வாங்கியவள் அல்ல. அவள் தம்பி கிளென்மார்கன் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, அங்கே ஒரு பழைய பங்களா வாசலில் நின்ற மரத்திலிருந்து குச்சி ஒடித்து வந்து வேர் பிடிக்க வைத்தாள். அப்புறம் பங்களாவை இடித்தார்கள், மரத்தையும் சேர்த்துச் சாய்த்தார்கள். ஆக, அந்தக் கோட்டுப் பூ இந்த மலையில் வேறெங்கும் கிடையாது என்பது அம்சவேணியின் கட்சி. அது உண்மையோ என்னவோ, சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு வரும். அந்த மினுமினுப்பைப் பார்க்கும்போதெல்லாம் லீலாவதிக்கு வயிறு எரியும்.

ஒரு தடவை வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாள்.

“அக்கா, ஒரே ஒரு குச்சி குடுங்களே, நானும் வெச்சுப் பாக்கறேன்.”

“குடுக்கறதுக்கு என்ன கண்ணு, ஆனா இந்த மரத்துக்குக் கத்தி ஆகாது. ஒரு எடத்துல பட்டாலும் அத்தனையும் பட்டுப்போயிரும்னு சொல்றாங்க.”

யார் சொன்னார்கள் என்று லீலாவதி கேட்கவில்லை. அந்த மரமே ஒரு காலத்தில் கத்தி பட்ட குச்சிதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே ஒருத்தி சொன்னாள், தெரிந்தே ஒருத்தி தலையாட்டினாள். அன்று மாலை புருசனிடம், “வாசனையே இல்லாத பூவு. தலையில வெக்க முடியுமா, சாமிக்குப் போட முடியுமா? காயிதத்துல செஞ்சு ஒட்டுன மாதிரி” என்றாள். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் கதைதான். குமாரசாமி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “காயிதத்துல அப்புடிச் செய்ய முடியுமா லீலா?” என்றார். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

அந்த வருடம் ஆடி பிறப்பதற்கு முன் அம்சவேணியும் கந்தப்பனும் மலைக்குக் கீழே சொந்த ஊரான கோபியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வீட்டுச் சாவியை லீலாவதியிடம் கொடுத்து, “மழ பேயலீன்னா மரத்துக்கு ஒரு கொடம் ஊத்தீரு கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனாள் அம்சவேணி. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. லீலாவதி ஒரு குடம் தண்ணீரோடு போனாள். இடுப்பில் புருசனுடைய சவர பிளேடு இருந்தது.

நான்கு குச்சி சீவினாள். அந்த வருடத்துத் துளிர், அடி மட்டும் லேசாகப் பழுப்பேறியது. பச்சையாக இருந்தால் அழுகிவிடும், முற்றினால் வேர் விடாது என்று அம்சவேணியே ஒருமுறை அதே வரிசையில் டேலியா வளர்க்கும் சுசீலாவிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருந்தாள். இலைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினாள். மிச்சமிருந்த இலைகளைப் பாதிப் பாதியாகக் கத்தரித்தாள். பின்கட்டில் சமையலறைச் சுவரோரம் மணலும் சோலைக்காட்டு இலைமக்கும் கலந்து நான்கு தகர டப்பாவில் நட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தாள். கேட்டு வாங்கிய செடியைவிடத் திருடி வைத்த செடிதான் தழைக்கும் என்று அவள் பிறந்த ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். அதை அன்று முழுமனதோடு நம்பினாள்.

ஆனால் பொறாமைக்காரிக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? காலையில் காப்பி வைத்ததும் முதல் வேலை பாட்டிலைத் தூக்கி, குச்சியை மெல்ல உருவி, வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் திரும்பக் குத்தி வைப்பது. சாயங்காலம் மறுபடி. முளைக்க நினைத்த வேரெல்லாம் அவள் விரலிலேயே அறுந்தது. ஒன்று கறுத்தது. இரண்டாவது வழவழத்தது. மூன்றாவது இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நின்றது. நான்காவதும் அதே வழியில்தான் போயிருக்கும். அதன் நல்ல காலம், பொள்ளாச்சியில் லீலாவதியின் அம்மாவுக்குக் கால் முறிந்தது. என்ன செடி என்று சொல்லாமலே, பாட்டிலைத் தொடக் கூடாது என்று புருசனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மலையிறங்கினாள். ஐப்பசி மழையோடு திரும்பி வந்து பார்த்தபோது பாட்டிலுக்குள் நீர் முத்து முத்தாய்க் கோத்திருந்தது. உச்சியில் ஒரு புதுத் துளிர் கண்ணாடியை முட்டி வளைந்திருந்தது. லேசாக இழுத்துப் பார்த்தாள். குச்சி வரமாட்டேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டது. லீலாவதி அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தனக்கே தனக்கென்று ஒன்று வந்ததாக அவளுக்குத் தோன்றியது அன்றுதான்.

வந்துவிட்டது, சரி. அதை எங்கே வைப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பின்கட்டில் வளரும் மரத்தை மறைக்க முடியுமா? முடிந்தது. அதற்கு ஊரே துணைக்கு வந்தது. கமீலியா தேயிலைக்குப் பெரியம்மா மகள் முறை. இலை கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். யாராவது கேட்டால், “தேயிலை நாத்துங்க, சும்மா ஒண்ணு வெச்சேன்” என்றாள். நீலகிரியில் தேயிலைச் செடியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கண்ணுக்கெட்டிய மலையெல்லாம் அதுதானே. டப்பாவிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து பாதியாக வெட்டிய டிரம்முக்கும் அது இடம் மாறியது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரு முறைதான் கேட்டார்கள்.

சுசீலா மட்டும் ஒரு நாள் வம்பு செய்தாள். ரேஷன் சர்க்கரை கைமாற்று வாங்க வந்தவள், பேசிக்கொண்டே பின்கட்டுக்கு வந்து, எஸ்டேட்டுக்காரி மாதிரி இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் படக் படக்கென்று கிள்ளி முந்தானையில் போட ஆரம்பித்தாள்.

“ஏனுங், என்ன பண்றீங்க!” லீலாவதியின் குரல் கீச்சிட்டது.

“ஊட்டுலயே டீத்தூள் செஞ்சு பாக்கலாம்னுதான். தேயிலையக் கிள்ளுனாத்தானுங்க நெம்பத் தழையும்?”

இல்லை என்று எப்படிச் சொல்வது? தேயிலை என்று சொன்னவள் அவள்தானே. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் வாயை மூடிக்கொண்டு, தன் மரத்தின் ஒவ்வொரு நுனியும் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் சுசீலா, “டீயா அது, வேப்பங்கசாயம்!” என்று காறித் துப்பியதில்தான் மரம் தப்பியது.

நட்டு மூன்றாவது கார்த்திகையில் முதல் மொட்டு வந்தது. இலைக்கும் தண்டுக்கும் நடுவே, பட்டாணி அளவு. லீலாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

தேயிலை என்று பெயர் வைத்தாயிற்று. இலையை வைத்து ஊரை ஏமாற்றலாம். பூவை வைத்து? விதையில் முளைத்த மரமென்றால் அம்மா ஒரு மாதிரி, மகள் ஒரு மாதிரி இருக்கும். குச்சியில் முளைத்தது அப்படியல்ல. அது மகள் இல்லை, அதே மரம். அதே வெள்ளை, அதே குங்குமக் கோடு. ஒரு பூ விரிந்தால் போதும், அது யார் வீட்டுப் பூ என்று கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். சாவியை நம்பிக் கொடுத்த வீட்டில் பிளேடு வைத்தவள் என்ற பெயர் இந்த வரிசையை விட்டுப் போகாது. குமாரசாமியின் காதுக்குப் போகும், ஃபேக்டரி கேட் வரைக்கும் போகும்.

கிள்ளினாள். கிள்ளிச் சாக்கடையில் போட்டாள். நகத்துக்கடியில் பச்சைப் பிசின் ஒட்டியிருந்தது. அன்று முழுக்க எந்த வேலையைத் தொட்டாலும் அந்த விரல் தனியாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பனிக்காலமும் அதே கதை. சுவருக்கு அந்தப் பக்கம் பூத்துக் குலுங்கும். ஜீப் வந்து நிற்கும். குமாரசாமி அண்ணாந்து பார்ப்பார். சுவருக்கு இந்தப் பக்கம், அதே மரத்தைத் தன் கையால் வளர்த்தவள் விடியற்காலையில் இலை இலையாகப் புரட்டி மொட்டுத் தேடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இல்லாத காலத்தில் இருந்த பொறாமையைவிட, இருந்தும் காட்ட முடியாத பொறாமை பத்து மடங்கு. அம்சவேணியிடம் சிரித்துப் பேசினாள், பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டாள், காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எல்லாம் செய்துகொண்டே, இவள் எப்போது தொலைவாள் என்று மனசுக்குள் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கும் ஒரு நாள் குறித்திருந்தது. சில வருடம் கழித்து வந்த மார்கழியோடு கந்தப்பனுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கோபிக்குப் போய்விடுவார்கள். கோபி வெயிலில் கமீலியா ஒரு வாரம் தாங்காது. மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகவும் முடியாது. புதிதாக வருகிறவர்கள் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்களோ, துணி காயப்போடக் கொடி கட்டுவார்களோ, யார் கண்டது? அவர்கள் போனபின் தன்னுடையதை டிரம்மோடு உருட்டி முன்வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். கேட்டால் கோத்தகிரியில் ஒருத்தர் கொடுத்தது என்றால் போயிற்று. ஆகவே அந்த வருடம் லீலாவதி மொட்டுக் கிள்ளவில்லை. டிரம்மையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டி மறைத்தாள். உள்ளே மொட்டுகள் பருத்தன. ஒன்று மட்டும் அவசரப்பட்டு, நுனியில் வெள்ளையும் சிவப்புமாகப் பிளக்கத் தொடங்கியிருந்தது. ‘அவள் போகிறவரைக்கும் பொறு’ என்று அதனிடம் கெஞ்சினாள்.

லாரி வந்த அன்று காலை வரிசையிலிருந்த பெண்கள் எல்லாரும் பள்ளத்து வீட்டு வாசலில் கூடினார்கள். லீலாவதியும் முகத்தில் தேவையான அளவு துக்கத்தோடு போய் நின்றாள். அம்சவேணி உள்ளேயிருந்து ஒரு பலகையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பலகையில் பால்பவுடர் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சாண் குச்சி, உச்சியில் இரண்டு மூன்று பளபளப்பான இலை.

“ஆனி மாசமே வெட்டி வெச்சுட்டனுங்க. அல்லாத்துலயும் வேர் புடிச்சிருச்சு. ஊட்டுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க.”

பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுசீலா இருந்ததிலேயே பெரிய டப்பாவைப் பொறுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தேயிலைக்கும் கமீலியாவுக்கும் வித்தியாசம் தெரியாத சுசீலா! லீலாவதிக்குக் காது அடைத்தது. பிளேடு, பாட்டில், சாக்கு, பயம், இத்தனை வருடம் கிள்ளிய மொட்டு எல்லாம் எதற்கு? நாளைக்கு இந்த வரிசையில் வாசலுக்கு வாசல் அதே மரம் நிற்கும். அவளுடையது பத்தோடு பதினொன்று. அம்சவேணி போகிற போக்கில்கூடத் தன்னிடமிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்றே தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் முறைக்குக் கையை நீட்டினாள். பலகை காலியாக இருந்தது.

“உனக்கு வெக்கல லீலா” என்றாள் அம்சவேணி, எல்லார் காதிலும் விழும்படி. அப்புறம் யாருக்கும் கேட்காமல், “வா, உம்பட பின்கட்டுக்குப் போலாம்” என்றாள்.

அம்சவேணி முன்னால் நடந்தாள், தன் வீட்டுக்குள் நடப்பதுபோல. நேராக டிரம்மிடம் போனாள். சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள்.

“அக்கா, இது தேயிலை...” என்று ஆரம்பித்தாள் லீலாவதி.

“கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கே தெரியும். தெனமும் தடவிப் பாக்கற மரம். நாலு எடத்துல பிளேடு சீவுன தடம் எனக்குத் தெரியாதா?”

“அப்பவே கேட்டிருக்கலாமுங்களே.”

“கேட்டிருந்தா புடுங்கி எறிஞ்சிருப்ப.” அம்சவேணி ஓர் இலையின் தூசியை முந்தானையால் துடைத்தாள். “அப்புறம் நானும் ஒண்ணும் நல்லவ இல்ல. கத்தி ஆகாதுன்னு உங்கிட்டப் பொய்தான் சொன்னேன். அல்லாரும் எங்கூட்டு வாசல்லதான் வந்து நிக்கோணும்னு ஆச. திருடற அளவுக்கு எம்பட மரம் ஒசத்தியான்னு உள்ளூர ஒரு சந்தோசம் வேற. இப்ப எடுத்துட்டுப் போக முடியாது, அதனால குடுக்கறேன். இதுல என்ன பெரிய தானம்?”

லீலாவதி நிமிரவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். திருப்பித் திட்டவும் அவளிடம் சரக்கு இருந்தது. கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்தாள்.

“ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல” என்றாள் அம்சவேணி. “மார்கழி பொறந்தா நானும் சொவுத்துக்கு மேல எட்டி எட்டிப் பாப்பேன், இன்னும் பூக்கலியே, பூக்கலியேன்னு. பொறவு ஒரு நா உங்கூட்டுச் சாக்கடைத் தண்ணியில மொட்டு மொதந்து வந்துச்சு. எடுத்துக் கையில வெச்சுட்டு அழுதுட்டேன். எம்மேல இருந்த காந்தலுக்கு அதையேன் லீலா கிள்ளுன?”

“நீங்க பாத்துருவீங்கன்னு பயந்துட்டுத்தானுங்க்கா.”

“நான் பாக்கோணும்னுதான் கண்ணு காத்துட்டிருந்தேன்.”

அம்சவேணி குனிந்து, பிளந்திருந்த அந்த மொட்டின் கீழே விரலைக் கொடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். உள்ளே சிவப்புக் கோடு ஒன்று சுருண்டு கிடந்தது. “இது பூக்கறதப் பாக்கவும் எனக்குக் குடுத்து வெக்கல” என்று சொல்லி எழுந்தாள். ரோட்டில் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். கந்தப்பன் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

அம்சவேணி சமையலறைப் படி ஏறியபோது லீலாவதி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். இந்தக் கை எப்போது இந்த மலையை விட்டு இறங்கும் என்று காத்திருந்தவள் அவள். தான் என்ன சொல்லப் போகிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“லாரியை முன்னால அனுப்பீருங்கக்கா. ரெண்டு நாள் எங்கூட்டுல இருந்துட்டுப் போங்க. பூத்துரும். நீங்க பாக்காம அது பூத்து நான் என்ன பண்றதுங்க்கா?”

மறுபடி ஹாரன் அடித்தது. அம்சவேணி வாசலையும் பின்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடித்த கையை லீலாவதி விடவில்லை.